ஏற்காட்டுல காளான் போட்டோ எடுக்கிறேன், எது என்னன்னே கண்டுபிடிக்க முடியல

சேலத்து மழை:
வணக்கம் மக்களே. மழை ஆரம்பிச்சதுல இருந்து லீவு நாள்னா ஏற்காடு தான், ஏரிப்பக்கம் கூட்டத்துல மாட்டாம நாகலூர் பக்கம் போயி தெரிஞ்சவர் எஸ்டேட்ல நடப்போம். வழியெல்லாம் காளான். விழுந்து கெடக்குற சில்வர் ஓக் மேல சின்னச்சின்ன விசிறியா சாம்பல் கலர்ல ஒண்ணு, இலைக்குப்பைக்குள்ள நகம் அளவுக்கு ஆரஞ்சு கலர்ல ஒண்ணு, கரையான் புத்து பக்கத்துல பெரிய வெள்ளைக் குடை ஒண்ணு. கையில இருக்கறது சாதாரண போன் தான். வெள்ளைக் காளான் எல்லாம் வெளுத்துப்போயி டீடெய்லே இல்லாம விழுது, சின்னதுல போகஸ் நிக்க மாட்டேங்குது. ஆப்ல போட்டா ஒவ்வொரு தடவை ஒவ்வொரு பேர் சொல்லுது. புத்து பக்கத்துல இருந்தத அத்தைகிட்ட காட்டுனேன், புத்துக்காளான் தான்டா, பறிச்சிட்டு வந்திருந்தா கொழம்பு வச்சிருப்பேன்லங்கறாங்க. போட்டோ வச்சு அதை உறுதியா சொல்ல முடியுமா?

மேக்ரோ மச்சி:
போன தலைகீழா புடிங்க ப்ரோ. லென்ஸ் தரைய ஒட்டி வந்துரும், காளானோட கண்மட்டத்துல எடுக்கலாம், மேல நின்னு எடுக்கறப்ப தட்டையா தெரியுறது இதுலயே பாதி சரியாயிடும். வெள்ளைக்கு, காளான் மேல விரல அமுக்கி வச்சு போகஸ லாக் பண்ணிட்டு வெளிச்சத்த கொஞ்சம் கீழ இழுங்க, படம் இருட்டா தெரிஞ்சா பரவால்ல அப்புறம் ஏத்திக்கலாம், வெளுத்தது வெளுத்தது தான் திரும்ப வராது. பட்ஜெட் போன்ல வர்ற 2 மெகாபிக்சல் மேக்ரோவ மறந்துருங்க, மெயின் கேமராவுல கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்து கிராப் பண்ணா அதவிட நல்லா வரும். காப்பிச்செடிக்கு அடியில இருட்டா தான் இருக்கும், போன ஒரு கல்லு மேல சாச்சு வச்சு 2 செகண்ட் டைமர் போடுங்க. பிளாஷ் வேணாம், ஈரத்துல பளபளன்னு அடிக்கும். ஒரு வெள்ளைப் பேப்பர பக்கத்துல புடிச்சா போதும், அடிப்பக்கத்துக்கு வெளிச்சம் போகும்.

பூஞ்சைப் பைத்தியம்:
ஆப் குழம்புறதுக்கு காரணம் நீங்க குடைய மட்டும் எடுக்கறது தான். காளானுக்கு அடையாளமே அடியில தான் இருக்கு. அடிப்பக்கம் மெல்லிசு தகடு மாதிரி செதில் செதிலா இருக்கா துளையா இருக்கா, தண்டுல வளையம் இருக்கா, தண்டோட அடியில மண்ணுக்குள்ள உறை மாதிரி ஏதாவது இருக்கா, எதுல முளைச்சிருக்கு, மரமா மண்ணா சாணியா, இவ்வளவும் படத்துல வரணும். பக்கத்துல ஒரு ரூபா காசு வச்சு ஒண்ணு எடுங்க, சைஸ் தெரியும். உங்க சில்வர் ஓக் விசிறி அனேகமா ஸ்கிசோபில்லம், திருப்பிப் பாருங்க, செதில் ஒவ்வொண்ணும் நீளவாக்குல ரெண்டா பிளந்திருந்தா அதே தான். வெயில்ல சுருண்டு செத்த மாதிரி கெடக்கும், மழை பட்டா திரும்ப விரிஞ்சிரும்.

வெள்ளை மேட்டருக்கு வர்றேன். புத்துக்காளான் டெர்மிட்டோமைசஸ் வகை. கரையான் உள்ள வளர்க்கிற பூஞ்சைல இருந்து வர்றது, தண்டு வேர் கணக்கா நீண்டு புத்துக்குள்ள வரைக்கும் போகும், குடை நடுவுல ஒரு முனை துருத்திக்கிட்டு இருக்கும். ஆனா இத போட்டோ பாத்து சாப்பிடலாம்னு சொல்றவன நம்பாதீங்க, என்னையும் சேத்து தான். அமானிட்டான்னு ஒரு வகை இருக்கு, அதுல ஆளையே கொல்ற வெள்ளைக் குடையும் உண்டு, வளையமும் இருக்கும். குளோரோபில்லம் மொலிப்டைட்டிஸ்னு ஒண்ணு மழை முடிஞ்சா புல்தரைல வரும், தின்னா சில மணி நேரத்துல வாந்தி பேதி.

சேலத்து மழை:
தண்டு அடி பாக்கணும்னா புடுங்கித்தானே ஆகணும்? அப்புறம் வெள்ளிக்காசு போட்டா கறுக்கும், மஞ்சள் போட்டா தெரியும்னு சொல்றாங்களே?

பூஞ்சைப் பைத்தியம்:
ரெண்டும் சுத்தப் பொய். அமானிட்டா விஷம் காசையும் கறுக்க வைக்காது, கொதிக்க வச்சாலும் போகாது. மோசம் என்னன்னா தின்ன 6 மணி, 12 மணி நேரம் வரைக்கும் கூட ஒண்ணுமே தெரியாது, அப்புறம் வாந்தி பேதி, நடுவுல சரியாயிட்ட மாதிரி ஒரு நாள் இருக்கும், அதுக்குள்ள ஈரல் போயிட்டிருக்கும். ஒரே வகைல நிறைய இருந்தா ஒண்ணே ஒண்ண தோண்டி எடுங்க, இழுக்காதீங்க, அடி மண்ணுலயே நின்னுரும். வீட்டுல குடைய வெட்டி பாதி வெள்ளை பாதி கறுப்பு பேப்பர் மேல கவுத்து டம்ளர் போட்டு மூடி ராத்திரி விட்டுருங்க. காலைல பேப்பர்ல விழுந்த வித்துத்தூள், அதாவது காளானோட விதை மாதிரியான பொடி, என்ன கலர்னு தெரியும். புத்துக்காளான்னா லேசா ரோஸ், அமானிட்டா வெள்ளை, அந்த மொலிப்டைட்டிஸ் பச்சை. கலர் ரோஸா வந்துட்டா உடனே சட்டி அடுப்புல ஏத்திராதீங்க, ரோஸ் தூள் வேற காளானுக்கும் உண்டு.

காப்பித்தோட்டத்தான்:
ஒண்ணு கூட புடுங்க வேணாங்கறது என் கட்சி. பூஞ்சை சாகாது, அது மண்ணுக்குள்ள இருக்கு, சரி தான், ஆனா பின்னாடி வர்றவனுக்கு பாக்க என்ன மிச்சம்? மேக்கப் பாக்ஸ் கண்ணாடி ஒண்ண குடைக்கு அடியில சாச்சு வச்சு செதில படம் எடுங்க, தண்டு அடிய விரலால மண்ண ஒதுக்கிப் பாத்துட்டு திரும்ப மூடிருங்க. நேரமும் முக்கியம், இடி மழை பெஞ்ச ரெண்டு மூணு நாள்ல காலைல 7 மணிக்குள்ள வந்துருங்க, மதியம் ஆனா நத்தையும் புழுவும் தின்னது போக ஓட்டை தான் இருக்கும். கீழ குனிஞ்சே நடக்காதீங்க, எங்க பக்கம் காட்டெருமை மேயும், சத்தமில்லாம நிக்கும். எஸ்டேட்ட தாண்டி காப்புக்காட்டுக்குள்ள போறதா இருந்தா வனத்துறைகிட்ட அனுமதி வாங்கிட்டு போங்க.