துருவக் கடலில் நேரில் பார்த்தது, மனசை விட்டுப் போகாதது: சொல்லுங்க

அலைவலை:
வடதுருவப் பக்கம் நார்வேயோட ஸ்வால்பார்டுல இருக்கிற இந்திய ஆராய்ச்சி நிலையம் ஹிமாத்ரிக்கு மிதவை உயிரி சேகரிக்கப் போன குழுவில் நானும் இருந்தேன். நிலையம் இருக்கிறது நை-ஆலசுண்ட் ஊர்ல, அதை ஒட்டி இருக்கிறது கோங்ஸ்ஃபியோர்டன்ங்கிற ஃபியோர்டு, அதாவது மலைகளுக்கு நடுவுல நீளமா உள்ள புகுந்த கடல். நேரா விஷயத்துக்கு வர்றேன். ஜூன் மாசம். படகுல வலையை இறக்கிட்டிருக்கோம், எதிர்த் தீவுல அடைகாத்துட்டிருந்த ஈடர் வாத்து மொத்தமும் ஒரே சத்தமா எழும்புது. பைனாகுலர்ல பார்த்தா வெள்ளைக்கரடி. கூடு கூடா மூக்கை நுழைச்சு முட்டையைக் காலி பண்ணிட்டுப் போகுது. தாடையில வழிஞ்ச மஞ்சக்கரு மார்பு முடியில காஞ்சு அப்பிக் கிடந்தது. ஒரு கூட்டையும் விடல. கூட வந்த நார்வேக்காரர் சொன்னார், 2006க்கு முன்னாடி குளிர்காலத்துல அந்த ஃபியோர்டு உறைஞ்சுடுமாம், வளையச் சீல் பனிமேல குட்டி போடும், கரடிக்குச் சாப்பாடு அதுதான். இப்ப அட்லாண்டிக் தண்ணி உள்ள ஏறிடுது, பனி பிடிக்கிறதில்ல. கரடியைத் திட்டவும் மனசு வரல, வாத்தைப் பார்க்கவும் முடியல.

வடகடல் மாமி:
நான் கரடி காணேல்லை தம்பி. நோர்வேயின்ர வடகோடி, ஃபின்மார்க்கில மீன் ஃபக்டரி வேலை, எனக்கும் இவருக்கும். வந்த காலத்தில கொட் மீனை விட்டா வேற ஒண்டும் தெரியாது. பிறகு ஒருநாள் பனி நண்டு வந்து இறங்கிச்சு. பெட்டியைத் திறந்தா எல்லாம் உயிரோட! ஒண்டின்ர கால் மற்றதில கொளுவி, ஒண்டைத் தூக்கப் பத்து எழும்பி வருது. நான் கையை உதறிப்போட்டுப் பின்னால ஓடினன். கடல் சூடாகினபடியால்தான் இது வந்ததெண்டு எல்லாரும் கதைக்கினம்.

கடலோடி72:
மாமி, அப்படிச் சொன்னவங்க குழப்பிட்டாங்க. உங்க பக்கத்துல ராஜ நண்டுன்னு வேற ஒரு வகையும் இருக்கு, அதை 1960களில் சோவியத் ஆளுங்க பசிபிக்கிலிருந்து கொண்டுவந்து விட்டாங்க. பனி நண்டு, உங்க வடக்க இருக்கிற பேரண்ட்ஸ் கடலில் முதலில் தென்பட்டது 1996இல். அது குளிர்நீர்ப் பிராணி, சூடு அதுக்கு எமன். அலாஸ்காவுக்கும் ரஷ்யாவுக்கும் நடுவுல இருக்கிற பேரிங் கடலில் 2018-19இல் அடித்தண்ணி சூடாச்சு, 1000 கோடிக்கும் மேல நண்டு காணாமப் போச்சு. 2022இல் அலாஸ்காவில் பனி நண்டு பிடிப்பை முதன்முறையா மூடினாங்க. வெந்து சாகல, பட்டினி. சூட்டுல உடம்பு கூடுதல் தீனி கேட்கும், இருந்ததோ எக்கச்சக்க நண்டு.

என் கதை: அண்டார்டிகாவுல இருக்கிற நம்ம பாரதி ஆராய்ச்சி நிலையத்துக்குச் சரக்கு ஏத்திட்டுப் போன கப்பல். பனிப்பாளம் ஒண்ணு எங்க முகப்புல இடிபட்டுக் குப்புறக் கவிழ்ந்தது. அடிப்பக்கம் டீ டிகாஷன் நிறம். புதுசா வந்த பையன் "பனி அழுகிடுச்சா சார்"னு கேட்டான். அழுகல்ல, அவ்வளவும் பாசி. அதுமேல கிரில், இறால் மாதிரி குட்டிப் பிராணி, துள்ளித் துள்ளி விழுது, பனிப் பெட்ரல் பறவைங்க வந்து கொத்துது. குளிர்காலத்துல கிரில் குஞ்சு உயிர் பிழைக்கிறது அந்தப் பாசியை மேஞ்சுதான். பனி போனா மேய்ச்சல் தரையே போச்சு.

டூர்ப்பிரியை:
நான் அர்ஜென்டினாவோட தெற்குக் கோடி ஊர் உஷுவாயாவிலிருந்து அண்டார்டிகாவுக்குக் குரூஸ் போனேன். அடேலி பெங்குவின் குஞ்சுங்க மழையில நனைஞ்சு நடுங்கினதைப் பார்த்தேன். பஞ்சு இறகு தண்ணியைத் தாங்காது. பனி விழுந்தா உதறிடும், மழைன்னா ஊறிடும். அவ்வளவுதான்.
போறவங்களுக்கு: ஜாக்கெட்டுக்குப் பணத்தைக் கொட்டாதீங்க, நிறையக் கப்பல்ல அவங்களே தருவாங்க. வழியில வர்ற அலை அதிகமான டிரேக் நீரிணைக்கு வாந்தி மாத்திரை முந்தின ராத்திரியே போட்டுடுங்க, குமட்ட ஆரம்பிச்ச பிறகு பிரயோசனமில்ல. கேமரா பேட்டரியை உள்சட்டைப் பையில வைங்க. வெல்க்ரோவில ஒட்டின விதையை எல்லாம் பிடுங்கி எடுக்கணும், வெளியூர் விதை அங்க முளைச்சிடக் கூடாதுன்னு சோதிப்பாங்க. பெங்குவின் கிட்ட 5 மீட்டர் தள்ளி நில்லுங்க. பறவைக் காய்ச்சல் வந்ததிலிருந்து தரையில உட்காரவும் விடமாட்டாங்க, முட்டிவலிக்காரங்க யோசிச்சுக்கோங்க.

தராசு:
ஒரு நாள் மழைக்கெல்லாம் வெப்பமயமாதலா? தென்துருவத்துல கடல்பனி கூடிச்சுன்னு நானே படிச்சிருக்கேன்.

கடலோடி72:
படிச்சது 2014 செய்தியா இருக்கும். அப்போ உச்சத்துல 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டினது நிஜம். 2023 உச்சம் 1.7 கோடியைக்கூடத் தொடல. 2022இல் அண்டார்டிகாவை ஒட்டின பெல்லிங்ஸ்ஹவுசன் கடலில் பேரரசப் பெங்குவின் குடியிருப்பு அஞ்சுல நாலில், குஞ்சுக்கு நீச்சல் இறகு முளைக்கிறதுக்குள்ள காலடிப் பனி உடைஞ்சு போச்சு. எச்சத்தோட பழுப்புக் கறையை வச்சுத்தான் செயற்கைக்கோள் படத்துல அந்தக் கூட்டங்களைக் கண்டுபிடிக்கிறாங்க. அதே படங்கள்தான் பனி உடைஞ்சதையும் காட்டிச்சு. ஒரு மழையை வச்சு யாரும் பேசல தம்பி.

வடகடல் மாமி:
அப்ப எங்கட பக்கத்து நண்டும் ஒருநாள் பட்டினியில போயிடுமோ? இவருக்குப் பென்சனுக்கு இன்னும் அஞ்சு வருசம் கிடக்கு.