ஜான் இங்கிலிஸ் மக்கள் தலைவராம்! ஸ்டாம்ஃபோர்டு எந்த நாட்டில் இருக்கிறது?

பழங்கோப்பு: "ஸ்காட்லாந்து மக்களின் பேராதரவு பெற்ற கன்சர்வேட்டிவ் தலைவர் ஜான் இங்கிலிஸ்" என்று, பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த ஸ்காட்லாந்து வழக்கறிஞரைப் பற்றி நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 1852ல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி-ஷெட்லாந்தில் நின்றார், தோல்வி. அதே வருஷம் அயர்லாந்து போய் லிஸ்பர்னில் நின்றார், அங்கேயும் தோல்வி. 1858 மார்ச்சில் ஸ்டாம்ஃபோர்டில் ஜெயித்தார், ஜூலையில் நீதிபதியாகிப் போய்விட்டார். ஸ்டாம்ஃபோர்டு இருப்பது இங்கிலாந்தில். பக்கத்திலேயே பர்லி மாளிகை, அங்கிருந்த எக்ஸ்டர் பிரபு கைகாட்டுகிற ஆள்தான் எம்.பி. பேராதரவு எங்கே வந்தது?

கருங்கல்: எழுதியது நான்தான், நேராகவே கேட்டிருக்கலாம். அவர் லார்ட் அட்வகேட், அதாவது ஸ்காட்லாந்தில் அரசின் தலைமை வழக்கறிஞர். ஸ்காட்லாந்துக்கென்று தனி அமைச்சர் பதவி 1885ல்தான் மறுபடி வந்தது, அதற்கு முன்னால் அந்த ஊர் விவகாரங்களை நாடாளுமன்றத்தில் பார்த்துக்கொண்டவர் லார்ட் அட்வகேட். 1858 பல்கலைக்கழகச் சட்டம் அவர் கொண்டுவந்தது. அபர்டீனில் கிங்ஸ், மாரிஷல் என்று தனித்தனியாக இருந்த இரண்டு கல்லூரிகளும் 1860ல் ஒன்றானது அந்தச் சட்டத்தால்தான். இதெல்லாம் கணக்கில் வராதா?

பழங்கோப்பு: வரட்டும். ஓட்டு போட்டது யார்? ஸ்டாம்ஃபோர்டு. இன்னொன்றும் சொல்கிறேன், அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது ஆகஸ்ட் 2. அன்றைக்கு உங்கள் தலைவர் சபையிலேயே இல்லை.

வாய்தா: ரெண்டு பேரும் முக்கியமானதை விட்டுட்டீங்க. அவர் பெயர் நிலைத்தது 1857ல் மேடலின் ஸ்மித் என்ற பெண்ணுக்காக வாதாடிய வழக்கால். காதலனுக்கு ஆர்செனிக் கொடுத்துக் கொன்றதாகக் குற்றச்சாட்டு, கடையின் விஷப் பதிவேட்டில் அந்தப் பெண் தன் கையெழுத்தையே போட்டிருக்கிறாள். "குற்றச்சாட்டு கொலை, கொலைக்குத் தண்டனை மரணம்" என்று 15 ஜூரிகளுக்கு முன்னால் நின்று ஆரம்பித்தார் பாருங்கள், இன்றைக்குப் படித்தாலும் சிலிர்க்கிறது. நிரபராதியைக் காப்பாற்றினார்.

கிளாஸ்கோவாசி: நிரபராதியா? முதல் குற்றச்சாட்டுக்கு மட்டும்தான் "குற்றவாளி அல்ல". மற்ற இரண்டுக்கும், கொலை உட்பட, "நிரூபிக்கப்படவில்லை", ஸ்காட்லாந்தில் அன்றிருந்த மூன்றாவது வகைத் தீர்ப்பு, அதற்கும் விடுதலைதான். இறந்தவனின் குறிப்பேட்டைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று நீதிபதிகள் இரண்டுக்கு ஒன்று என்று ஒதுக்கித் தள்ளாமல் இருந்திருந்தால் தெரிந்திருக்கும் சேதி.

வாய்தா: விடுதலை விடுதலைதான் சார். போன மாசம் ஜூரி முறை பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் என்னை மடக்கப் பார்த்தீங்க. நான் மறக்கவில்லை.

கிளாஸ்கோவாசி: அன்றைக்கும் பதில் சொல்லாமல் ஓடியது நீங்கள்தான்.

பழங்கோப்பு: வழக்கு அப்புறம். ஸ்டாம்ஃபோர்டுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அவருக்கு முன்னால் அந்த சீட்டில் இருந்தவர் தெசிஜர், லார்ட் சான்சலர் என்ற உயர் சட்டப் பதவிக்குப் போனதும் காலி செய்தார். பின்னால் வந்தவர் நார்த்கோட். மூன்று பேருக்கும் அது சத்திரம் மாதிரி. வந்தார்கள், தங்கினார்கள், போனார்கள்.

கருங்கல்: பிற்பாடு எடின்பரோ பல்கலைக்கழக வேந்தர் தேர்தலில் லிபரல் தலைவர் கிளாட்ஸ்டனையே தோற்கடித்தாரே, அந்த ஓட்டும் ஸ்டாம்ஃபோர்டு ஓட்டா?

பழங்கோப்பு: பட்டதாரிகள் போட்ட ஓட்டு. மக்கள் எங்கே?

கல்விக்கடல்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இவருடைய அப்பா, அவர் பெயரும் ஜான் இங்கிலிஸ்தான், கிரேஃப்ரையர்ஸ் தேவாலயப் போதகர். ஸ்காட்லாந்து திருச்சபையின் இந்திய மிஷனுக்கு வித்திட்டவர். அந்த மிஷன்தான் 1837ல் சென்னையில் பள்ளி தொடங்கியது, அதுதான் இன்றைய மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ். தாம்பரத்தில் படித்த எனக்கு இது பெருமை.

கிளாஸ்கோவாசி: அப்பன் செய்ததற்கு மகனுக்கு ஏன் மாலை?

கல்விக்கடல்: மரியாதையாகப் பேசுங்கள். மாலை யார் போட்டது? தகவல்தானே சொன்னேன்.

கருங்கல்: விடுங்க சார், அவர் எல்லாரிடமும் இப்படித்தான். பழங்கோப்பு, நான் எழுதியதை மாற்றப்போவதில்லை. 1867லிருந்து சாகும்வரை, 1891 வரை, ஸ்காட்லாந்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர் அவர்.

பழங்கோப்பு: நீதிபதியை யாரும் ஓட்டு போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. அவருக்கு ஓட்டு போட்டு எம்.பி. ஆக்கியது ஸ்டாம்ஃபோர்டு. நாலே நாலு மாசம். ஸ்காட்லாந்தில் அவர் ஜெயித்த ஒரு தொகுதியின் பெயரைச் சொல்லுங்கள், காத்திருக்கிறேன்.

வாய்தா: அந்தக் குறிப்பேட்டில் தேதிகளே ஒழுங்காக இல்லை, அதையும் கொஞ்சம் படித்துவிட்டு வாங்க கிளாஸ்கோ சார்.