டேட்டாபேஸ் ஃபோல்டரை எங்க வைக்கிறது?

பில்லிங்தம்பி:
கடைக்கு ஒரு பில்லிங் ஆப் எழுதுறேன், விண்டோஸ், எஸ்க்யூலைட் (SQLite, ஒரே ஃபைல்ல இருக்கிற டேட்டாபேஸ்). டேட்டாபேஸ் ஃபைலை புரோகிராம் ஃபைல்ஸ்ல எக்ஸி பக்கத்துலயே வச்சிருக்கேன். முதலாளி லாகின்ல போட்ட பில் எதுவும் கேஷியர் லாகின்ல தெரியல, ஆனா எர்ரரும் வரல, இது என்னங்க மாயம்?

ராத்திரிகோடர்:
மாயம் இல்ல தம்பி. உங்க ஆப் 32 பிட்டா, மேனிஃபெஸ்ட் (ஆப்புக்கு என்ன அனுமதி வேணும்னு விண்டோஸுக்குச் சொல்ற குறிப்பு) இல்லாம இருக்கும். சாதாரண யூசர் புரோகிராம் ஃபைல்ஸ்ல எழுதப் போனா விண்டோஸ் சத்தமே இல்லாம ஆப்டேட்டா லோக்கலுக்குள்ள வர்ச்சுவல்ஸ்டோர்னு ஒரு ஃபோல்டர்ல எழுதிரும், ஆளுக்கு ஒரு காப்பி. அங்க போய் பாருங்க, ரெண்டு லாகின்லயும் தனித்தனி ஃபைல் கிடக்கும். எல்லாருக்கும் பொதுன்னா புரோகிராம்டேட்டாவுக்குள்ள ஒரு சப்ஃபோல்டர் போடுங்க.

குமரிக்காரன்:
சரிதான், ஆனா ஒருத்தர் அங்க உருவாக்குன ஃபைலை இன்னொரு சாதாரண யூசரால திருத்த முடியாது, அதனால இன்ஸ்டாலர்லயே அந்த சப்ஃபோல்டருக்கு மட்டும் யூசர்ஸ் குரூப்புக்கு மாடிஃபை பெர்மிஷன் குடுத்துடுங்க. ஃபோல்டர் பாத்தை (path) கோடுல நேரா "சி டிரைவ்"னு அடிக்காம சிஸ்டம்கிட்டயே கேட்டு வாங்குங்க. டாக்குமென்ட்ஸ் வேணவே வேணாம், ஒன்டிரைவ் சிங்க் ஆகிற மெஷின்ல ஓடிட்டு இருக்கிற டேட்டாபேஸைத் தூக்கிட்டுப் போய் குழப்பிடும்.

பில்லிங்தம்பி:
வர்ச்சுவல்ஸ்டோர்ல இருக்குண்ணே, ரெண்டு பேரோடதும்! ஃபைலை நெட்வொர்க் ஷேர்ல வச்சு ரெண்டு கம்ப்யூட்டர்ல ஓட்டலாமா?

ராத்திரிகோடர்:
ஐயோ வேண்டாம். ஷேர்ல லாக்கிங்கை (ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதாம ஃபைலைப் பூட்டுறது) நம்ப முடியாது, எஸ்க்யூலைட்டோட வால் மோடு (WAL, மாற்றங்களை முதல்ல தனி லாக் ஃபைல்ல எழுதுற முறை) அங்க வேலையே செய்யாது. அதுக்கு போஸ்ட்கிரஸ் மாதிரி டேட்டாபேஸ் சர்வர் போட்டுருங்க.