அந்த ராத்திரி மாட்டப் போன ஏழாவது என்எஸ் பாட்டில்

ஐசியூ டாக்டர்:
வேலைக்குச் சேர்ந்த புதிது. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் கலந்து, பிரஷர் 70-க்கு இறங்கிய நிலையில் ஒரு அம்மா வந்தார். கிட்னி வேலை குறைந்ததைக் காட்டும் கிரியாட்டினின் 2.8, பொட்டாசியம் சற்றுக் கூடி 5.2. "கிட்னி கெட்டவங்களுக்கு ஆர்எல் வேண்டாம், அதில் பொட்டாசியம் இருக்கு" என்பது எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி. ஆர்எல் என்பது ரிங்கர் லாக்டேட், பல உப்புகள் கலந்த ட்ரிப்ஸ். நானும் என்எஸ்ஸையே, அதாவது நார்மல் சலைன் என்ற உப்புநீரையே, அடுத்தடுத்து ஏற்றினேன். விடியற்காலை மூன்று மணிக்குப் பிரஷர் தேறிவிட்டது, உடலுக்கு ரத்தம் போதாதபோது ஏறும் லாக்டேட்டும் இறங்கிவிட்டது. ஆனால் மூச்சிரைப்பு நிற்கவில்லை. ஏபிஜி என்ற ரத்தப் பரிசோதனையில் பிஹெச் 7.2, அதாவது ரத்தத்தில் அமிலம் கூடியிருந்தது. தொற்றுதான் அடங்கவில்லை என்று நினைத்து ஏழாவது பாட்டிலைக் கையில் எடுத்தேன்.

சீனியர் அக்கா அதை வாங்கி லேபிளைத் திருப்பினார். "குளோரைடு எவ்வளவுன்னு படி தம்பி." லிட்டருக்கு 154. நம் ரத்தத்தில் 100 சொச்சம்தான் இருக்கும். அந்த அம்மாவுக்கு அப்போது 119. குளோரைடு மிஞ்சினால் ரத்தம் அமிலமாகும். அமிலத்தை ஏற்றி வைத்தது நான்தான்.

"ஆர்எல்லில் பொட்டாசியம் 4. இவங்க ரத்தத்துல 5.2. அதைப் போட்டா எப்படி ஏறும்?" என்றார். உண்மையில் அமிலம் கூடினால்தான் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே வரும். ஆர்எல்லுக்கு மாற்றினோம், மறுநாள் மாலைக்குள் மூச்சு சீரானது.

என்எஸ் விஷம் என்று சொல்லவரவில்லை. 2018-இல் வந்த ஸ்மார்ட் ஆய்வில் 15,802 ஐசியூ நோயாளிகள். மரணம், டயாலிசிஸ், தேறாத கிட்னி எல்லாம் சேர்த்து என்எஸ்ஸில் 15.4 சதவீதம், ஆர்எல் வகையில் 14.3. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் லிட்டர் லிட்டராக ஏற்றும்போது குளோரைடைப் பார்க்காமல் விடாதீர்கள்.

விபத்துப் பிரிவிலிருந்து:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் டாக்டர். தலைக்காயம் என்றால் எங்கள் கை என்எஸ்ஸுக்குத்தான் போகும். ஆர்எல்லில் சோடியம் 130 தான், ரத்தத்தில் இருப்பதைவிடக் குறைவு, அதனால் மூளை வீக்கம் கூடிவிடலாம். ரத்தப் புரதமான அல்புமின் ட்ரிப்ஸும் கூடாது, சேஃப் ஆய்வில் தலைக்காயக்காரர்களுக்கு அது கெடுதலாகவே முடிந்தது.

ஸ்டாஃப் நர்ஸ், குழந்தைகள் வார்டு:
எனக்கு மறக்காதது டெங்குவில் வந்த ஒன்பது வயதுப் பையன். பிரஷர் விழும் ஷாக்கிலிருந்து ஆர்எல்லில்தான் மீண்டான். இரண்டாம் நாள் காலை ஹெமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) தானாக இறங்கியது, கை சூடாக இருந்தது, நாடி நிறைந்து அடித்தது. ஆனால் கண் இமை வீங்கி, படுத்தால் இருமினான். டெங்குவில் ரத்தக் குழாயிலிருந்து கசிந்த நீர் ரத்தத்துக்குத் திரும்புகிற நேரம் அது; இனி ட்ரிப்ஸ் ஏற்றினால் நீர் மிஞ்சிவிடும். டாக்டரைக் கூப்பிட்டேன், ட்ரிப்ஸை நிறுத்தச் சொன்னார். "பாட்டில்ல பாதி இருக்கே சிஸ்டர், ஏன் கழட்டுறீங்க?" என்று அவன் அம்மா அழுதார். பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிப் புரியவைத்தேன். மதியத்துக்குள் மூன்று முறை சிறுநீர் போனான். அப்புறம் இட்லி கேட்டான்.