பாலினவழி அபாயம்: ஒரு சொல் முன்மொழிவு

வணக்கம். பேரிடரில் யார் எளிதில் பாதிக்கப்படுவார்கள் என்பதைச் சொல்லும் 'வல்னரபிலிட்டி' (vulnerability) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'நலிவு' போதும், பெண்களுக்கு வரும்போது 'பெண்டிர் நலிவு' என்று போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர்களே அண்ணா, அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. நலிவு என்றதும் குறை அவர்கள் உடம்பிலேயே இருப்பது மாதிரி ஆகிவிடுகிறது. 2004 சுனாமியில் நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் இறந்தார்கள். ஆழ்கடலில் இருந்த படகுகளை அலை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கரையில் மீனுக்குக் காத்திருந்தவர்களும் வீட்டில் பிள்ளைகளோடு இருந்தவர்களும்தான் சிக்கினார்கள், அவர்களில் பலருக்கு நீச்சலும் தெரியாது. யார் எங்கே நிற்பது, யாருக்கு எது கற்றுக்கொடுப்பது என்று ஊர் வகுத்துவைத்ததால் வந்த சாவு அது.

நம்ம பக்கமே பாருங்க. 2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடி அளவுக்குத் தண்ணீர் திறந்தபோது பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளில் வெள்ளம் புகுந்தது. எங்கள் தெருக்காரர்களைத் தங்கவைத்த மண்டபத்தில் கழிப்பறை பின்பக்கம். விளக்கும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை. பொழுது சாய்ந்தால் பெண்கள் தண்ணீரே குடிக்க மாட்டார்கள், பால் கொடுக்கிற தாய்மார்கள் உட்பட. பக்கத்து வீட்டு அண்ணன் தறியில் இருந்த பாவு நூல் நனைந்துவிடுமே என்று இடுப்பளவுத் தண்ணீரில் திரும்பிப் போனார், ஆம்பளை போகாமல் வேறு யார் போவது என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அவரைத் தண்ணீரில் இறக்கியதும் ஊர் வகுத்துவைத்த அதே முறைதான். 'பெண்டிர்' என்று தொடங்கும் சொல்லில் அவருக்கு இடமே இல்லை.

அதனால் என் முன்மொழிவு 'பாலினவழி அபாயம்'. தாய்வழி, மரபுவழி என்று ஏற்கெனவே புழங்குகிற 'வழி'தான். எந்த வழியாக வந்தது என்பதை அதுவே சொல்லிவிடும். 'பாலினவழி இடர்' என்று வைக்கலாமே என்று கேட்பீர்கள். தனியாக நிற்கும்வரை சரி, 'பேரிடர்' பக்கத்தில் வந்தால் 'பேரிடர் இடர் மேலாண்மை' என்று நாக்கு இடறும். அபாயம் வடசொல் என்று ஒதுக்க வேண்டாங்க, ரயில் பெட்டியில் அபாயச் சங்கிலியைப் படிக்காதவர் யார்?

நிவாரண முகாம் திறக்கும் முன் நிரப்பும் படிவத்துக்குப் 'பாலினவழி அபாயக் கணிப்பு' என்று தலைப்பு வைத்தால், விளக்கு, தாழ்ப்பாள், தறிக்குத் திரும்புகிறவர் எல்லாமே அதற்குள் வந்துவிடும். 'கணிப்பு'க்குப் பதில் 'மதிப்பீடு' பொருந்துமா என்று மட்டும் சொல்லுங்க.