ஆறு உலோக அணு, எத்தனை எலக்ட்ரான்? கிளஸ்டரோடு மல்லுக்கட்டிய அனுபவங்கள்

மஞ்சள் ஊசி:

உலோக அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும் கூட்டைத்தான் கிளஸ்டர் என்கிறோம். அதோடு பட்ட பாட்டை ஆளுக்கு ஒன்றாகச் சொல்வோம், நானே ஆரம்பித்து வைக்கிறேன். முதுகலை இரண்டாம் ஆண்டில் என் கையில் வந்தது மாலிப்டினம் டைகுளோரைடு, மங்கலான மஞ்சள் தூள். ஒரு மாலிப்டினத்துக்கு இரண்டு குளோரின் என்றது பாட்டில். ஆல்கஹாலில் கரைத்து வெள்ளி நைட்ரேட்டை ஊற்றினேன். தயிர் போலத் திரண்ட வீழ்படிவை வடிகட்டி, உலர்த்தி, நிறுத்துப் பார்த்தால் இருக்க வேண்டிய குளோரினில் மூன்றில் ஒரு பங்குதான் வந்திருக்கிறது. மறுபடி செய்தேன், அதே மூன்றில் ஒரு பங்கு. மூன்றாவது தடவை தராசைச் சந்தேகப்பட்டு வேறு தராசுக்குப் போனேன். அதுவும் அதையே சொன்னது.

ஆசிரியர் சிரித்துக்கொண்டே படம் போட்டார். ஆறு மாலிப்டினம் சேர்ந்து ஓர் எண்முகி. அதன் எட்டு முகங்களின் மேலும் முகத்துக்கு ஒன்றாக எட்டு குளோரின். அந்த எட்டும் எளிதில் கழலாது. மிச்சம் நாலுதான் வெளியே இருப்பவை, வெள்ளியிடம் மாட்டுபவையும் அவைதான். பன்னிரண்டில் நாலு. வெள்ளியிடம் மூன்றில் ஒரு பங்குதான் மாட்டும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே வேதியியலாளர் புளோம்ஸ்ட்ராண்ட் கண்டுவிட்டார் என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. எண்முகியை எக்ஸ் கதிரால் கண்டது 1940களில், புரோசெட்.

அதே தூளைச் சூடான அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து ஆறவிட்டால் மஞ்சள் ஊசிகளாகப் படிகம் இறங்கும். என் பெயருக்குக் காரணம் அதுதான். அந்த அயனியின் உப்பை அசெட்டோநைட்ரைலில் கரைத்துப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பத்து நிமிடம் நைட்ரஜனைக் குமிழவிட்டதும் குப்பி முழுக்கச் செந்தணல் போல ஒளிர ஆரம்பித்தது. மூடியைத் திறந்து குலுக்கினால் மங்கிவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தக் கிளர்வு ஆற்றலைப் பிடுங்கிக்கொள்கிறது. அன்றைக்கு வேறு வேலை எதுவும் நடக்கவில்லை.

வாய்மொழித் தேர்வு:

என் கதை அவமானக் கதை. வாய்மொழித் தேர்வில் எண்முகிக் கிளஸ்டருக்கு எத்தனை எலக்ட்ரான் என்றார்கள். கிளஸ்டரின் வடிவத்தையும் எலக்ட்ரான் எண்ணிக்கையையும் இணைக்கும் வேட் விதியை நெட்டுரு போட்டிருந்ததால் கண்ணை மூடிக்கொண்டு 86 என்றேன். ஆறு ரோடியம், பதினாறு கார்பனைல் (கார்பன் மோனாக்சைடு) உள்ள சேர்மத்துக்கு அது சரி. "அப்படியானால் மாலிப்டினம் குளோரைடு அயனியை எண்ணு" என்றார் தேர்வாளர். கரும்பலகையில் எண்ணினேன், 84 வந்தது. "நியோபியம்?" 76 வந்தது. மூன்றும் எண்முகிதான். சாக்பீஸோடு நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகுதான் புரிந்தது, இங்கே ஈனிகளின் (உலோகத்தோடு ஒட்டியிருக்கும் குளோரின் போன்றவற்றின்) எலக்ட்ரானையெல்லாம் சேர்த்து எண்ணுவதை விட, குளோரின்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட்டு உலோகத்திடம் என்ன மிஞ்சுகிறது என்று பார்ப்பது நல்லது. மாலிப்டினத்துக்கு ஆறு வீதம் 36, பன்னிரண்டு போனால் 24. எண்முகிக்கு விளிம்புகள் பன்னிரண்டு, விளிம்புக்கு ஒரு ஜோடி. நியோபியத்துக்கு ஐந்து வீதம் 30. பதினான்கு குளோரின் போக மிச்சம் 16. எண்முகிக்கு முகங்கள் எட்டு, முகத்துக்கு ஒரு ஜோடி, அதை மூன்று அணுக்கள் பகிர்ந்துகொள்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாலிப்டினத்தில் குளோரின்கள் முகங்களின் மேல் இருக்கின்றன, எலக்ட்ரான்கள் விளிம்புகளில். நியோபியத்தில் பன்னிரண்டு குளோரின் விளிம்புகளின் மேல் இருக்கின்றன, எலக்ட்ரான்கள் முகங்களில். குளோரின் உட்கார்ந்த இடத்தில் எலக்ட்ரான் உட்காராது. இது கணக்குப் பிள்ளை பாஷைதான். உண்மையில் எலக்ட்ரான்கள் குடியிருக்கும் ஆர்பிட்டால்கள் ஆறு அணுக்கள் மேலும் பரவிக் கிடக்கின்றன. ஆனாலும் இந்தக் கணக்கு என்னை ஒரு தடவைகூடக் கைவிட்டதில்லை. நியோபியம், மாலிப்டினம், டான்டலம் போன்ற கனமான உலோகங்களின் 4டி, 5டி ஆர்பிட்டால்கள் அகலமாக விரிந்து எட்டிப் பிடிப்பதால்தான் இவ்வளவு குறைந்த எலக்ட்ரானோடும் இந்தக் கூடு நிற்கிறது. இரும்பு போன்ற 3டி உலோகங்களில் அந்த நீட்டல் போதாது.

ஐம்பத்தைந்து கோடு:

மேலே சொன்ன 16 கணக்குக்கு என்னிடம் சாட்சி உண்டு. நியோபியம் கிளஸ்டரிலிருந்து ஓர் எலக்ட்ரானை எடுத்துவிட்டால் 15 ஆகும், ஒன்று தனியாக நிற்கும். தனி எலக்ட்ரானைக் காந்தப்புலத்தில் வைத்து அறியும் இ.பி.ஆர். நிறமாலையை எடுத்தால் அந்தத் தனி எலக்ட்ரான் ஆறு நியோபியம் கருக்களையும் சமமாக உணர்கிறது. ஒவ்வொரு கருவின் சுழற்சியும் (ஸ்பின்) 9/2 என்பதால் 55 கோடுகள் வர வேண்டும். ஓரத்துக் கோடுகள் இரைச்சலில் மூழ்கிவிடும். நடுவில் உள்ளவற்றைப் பென்சில் முனையால் ஒவ்வொன்றாக எண்ணி, இடைவெளியை வைத்து மீதியைக் கணக்கிட்டேன். ஒரே அணுவின் மேல் அது உட்கார்ந்திருந்தால் பத்துக் கோடுதான்.

எலக்ட்ரானை எடுக்க எடுக்க நியோபியங்களுக்கு இடையிலான தூரமும் கூடுகிறது. 16இல் சுமார் 2.92 ஆங்ஸ்ட்ராம், 14இல் 3.02.

காலி வீடு:

எல்லோரும் சொன்னது கணக்கு சரியாக வந்த கதை. எனக்கு வராத கதை. சிர்கோனியத்தையும் சிர்கோனியம் டெட்ராகுளோரைடையும் டான்டலம் குழாயில் போட்டு, வெல்டிங் செய்து மூடி, அதைச் சிலிக்கா உறைக்குள் வைத்து 850 டிகிரியில் வாரக்கணக்கில் விட்டேன். திறந்தால் குழாய்ச் சுவரில் விரல்விட்டு எண்ணும்படி சில கருஞ்சிவப்புப் படிகங்கள். அடுத்த குழாயில் ஒன்றுகூட இல்லை. அதற்கடுத்ததில் மறுபடி நாலைந்து. அதே பொருள், அதே அடுப்பு.

கிடைத்த ஒன்றை வைத்து எக்ஸ் கதிரால் கட்டமைப்பைத் தீர்த்தேன். ஆறு சிர்கோனியம், பதினான்கு குளோரின். ஆனால் எண்முகியின் நடு மத்தியில் ஓர் எலக்ட்ரான் அடர்த்தி மேடு தலைகாட்டிக்கொண்டே இருந்தது. கதிர் உறிஞ்சலுக்கான திருத்தம் சரியில்லை என்று முடிவுகட்டி, அந்தத் திருத்தத்தை மாற்றி மாற்றிப் போட்டு இரண்டு வாரத்தை வீணடித்தேன். மேடு நகரவே இல்லை. கடைசியில் ஒரு சீனியர் கேட்டது ஒரே கேள்விதான்: "எலக்ட்ரானை எண்ணினாயா?"

எண்ணினேன். சிர்கோனியத்துக்கு நாலு வீதம் 24, பதினான்கு போனால் 10. ஒரு கூட்டை இழுத்துப் பிடிக்க அது போதாது. நடுவில் கார்பன் இருந்தால் அது நாலைப் போடும், 14 ஆகும். மூலப்பொருளோடு ஒட்டி வந்த அழுக்குதான் என் படிகங்களைக் கட்டியிருக்கிறது. அடுத்த குழாயில் கிராஃபைட் தூளை வேண்டுமென்றே எடைபோட்டுப் போட்டேன். குழாய் நிறையப் படிகம்.

அயோவாவில் கார்பெட் குழுவினர் 1980களில் இதை ஒரு துறையாகவே வளர்த்தெடுத்திருந்தார்கள், நான்தான் படிக்கவில்லை. கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் உள்ளே வந்தால் ஓர் எலக்ட்ரான் கூடுதல், அதனால் கூடுதலாக ஒரு குளோரினும் வந்து சேர்ந்து பதினைந்தாகும், கணக்கு அதே 14. பொட்டாசியம் சேர்த்தாலும் அப்படித்தான்: கார்பன் உள்ளே, குளோரின் பதினைந்து. எனக்கு ரொம்பப் பிடித்தது நியோபியம் அயோடைடு. ஆறு நியோபியம், பதினொன்று அயோடின் உள்ள அந்தக் கூடு காலியாகவும் இருக்கும், நடுவில் ஒரே ஒரு ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளவும் செய்யும்.

கண்ணாடித் துண்டு:

சின்ன எச்சரிக்கை. மாலிப்டினம் பென்டாகுளோரைடு 268 டிகிரியிலேயே கொதிக்கும். மாலிப்டினத் தூளோடு மூடிய சிலிக்கா குழாயில் வைத்து, அவசரப்பட்டு அடுப்பை ஒரே ஏற்றாக ஏற்றினேன். உள்ளே இருந்தது வினைபுரிவதற்கு முன்பே ஆவியாகி அழுத்தம் ஏறி, குழாய் சிதறிவிட்டது. நடுவில் தடுப்பு இருந்ததால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுப்பின் செங்கல்லில் குத்தி நின்ற துண்டு ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்.

நாலு குறை:

மின்கலத்துக்காரன் நான், கிளஸ்டர் என்று தெரியாமலே கிளஸ்டரில் வேலை பார்த்தேன். ஆறு மாலிப்டினம், எட்டு கந்தகம்: செவ்ரெல் நிலை. நேரடியாகச் செய்ய வராது. முதலில் தாமிரம் சேர்ந்த வடிவத்தைச் செய்து, அமிலத்தால் தாமிரத்தைக் கழுவி எடுக்க வேண்டும். மெக்னீசியத்தை ஏற்றினால் கிளஸ்டருக்கு இரண்டோடு நின்றுவிடுகிறது. ஏன் இரண்டு என்று நான் கேட்டதே இல்லை. இங்கே படித்த பிறகு எண்ணிப் பார்த்தேன்: 36இல் கந்தகத்துக்கு 16 போனால் 20, 24க்கு நாலு குறை. இரண்டு மெக்னீசியம் கொடுப்பது சரியாக நாலு. இதே குடும்பத்தில் ஈயம் ஏறியது சுமார் 15 கெல்வினில் மீக்கடத்தி ஆகிறது. அதில் 22தான், குறை இன்னும் தீரவில்லை.

பச்சை:

நான் புரதப் படிகக்காரி. ஆறு டான்டலம், பன்னிரண்டு புரோமின் கொண்ட கிளஸ்டர் அயனியை பெரிய புரதங்களின் படிகத்தில் ஊறவைப்போம். மொத்தம் 850க்கு மேல் எலக்ட்ரான்கள் ஒரே குவியலாக இருப்பதால், எக்ஸ் கதிர்த் தரவு மங்கலாக இருந்தாலும் பளிச்சென்று தெரியும். கிளஸ்டர் படிகத்துக்குள் ஏறியதா என்று அறிய எக்ஸ் கதிர்கூட வேண்டாம், நிறமற்ற படிகம் நுண்ணோக்கிக்குக் கீழே பச்சையாக மாறும். போன வாரம் ஆறு படிகம் ஊறப்போட்டேன். நாலு பச்சை. ஒன்று வெடித்துவிட்டது. ஒன்று மட்டும் மூன்று நாளாகியும் கண்ணாடி மாதிரியே இருக்கிறது.