நவம்பர் வியாழக்கிழமை

மீனா: அத்தை, அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் நன்றி நாள் சாப்பாடு முடிந்ததா?

கலா அத்தை: இப்போதுதான் மீனா, இங்கே இரவு எட்டரை. பகலில் பிளிமத் போயிருந்தோம், இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் 1620-இல் குடியேறிய கடலோர ஊர். 1620 என்று பொறித்த பாறையைப் பார்த்தோம். தூண் மண்டபத்துக்குள் பள்ளத்தில் கிடக்கிறது. உடைந்து ஒட்டிய தழும்பு நன்றாகத் தெரிகிறது.

பெரியப்பா: 1621-இல் அங்கே குடியேறியவர்கள் வைத்த அறுவடை விருந்துதானே கலா? அன்றிலிருந்து வருஷம் தவறாமல் நடப்பதாகத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

கலா அத்தை: விருந்து நடந்தது உண்மை அண்ணா. மூன்று நாள். வாம்பனோக் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் மசசோயிட் 90 பேரோடு வந்தார், ஐந்து மான் வேட்டையாடிக் கொடுத்தார்கள். ஆனால் அது வருஷாவருஷம் தொடரவில்லை. நாடு முழுக்க ஆண்டுதோறும் என்று ஆனது 1863-இல்தான்.

மீனா: உள்நாட்டுப் போர் நடந்த வருஷமா?

கலா அத்தை: ஆமாம், அந்தப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து மூன்றே மாதம். சாரா ஜோசபா ஹேல் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர். கணவரை இழந்து ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். நாட்டுக்கே ஒரே நன்றி நாள் வேண்டும் என்று பதினைந்து வருஷத்துக்கு மேல் எழுதிக்கொண்டே இருந்தார். கடைசியில் அதிபர் லிங்கனுக்கு எழுதினார். சில நாளில் அறிவிப்பு வந்துவிட்டது. எனக்கு அந்த அம்மாவை ரொம்பப் பிடிக்கும்.

மீனா: எழுதியே சாதித்திருக்கிறார்!

கலா அத்தை: அப்புறம் 1939-இல் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்குக் கூடுதலாக நாள் கிடைக்கட்டும் என்று அதிபர் ரூஸ்வெல்ட் இந்த நாளை ஒரு வாரம் முன்னதாக மாற்றினார். மாநிலங்கள் இரண்டு பட்டன. 1941-இல் சட்டம் போட்டு நவம்பர் நான்காவது வியாழன் என்று முடித்தார்கள்.

பெரியப்பா: சரி, மசசோயிட் குடும்பம் என்ன ஆனது?

கலா அத்தை: மகன் மெட்டாகாம் 1676-இல் குடியேறியவர்களோடு நடந்த போரில் கொல்லப்பட்டார் அண்ணா. அவர் தலையை அதே பிளிமத்தில் கம்பத்தில் செருகி இருபது வருஷம் வைத்திருந்தார்கள்.

பெரியப்பா: விருந்துண்ட ஊரிலேயா?

கலா அத்தை: அதே ஊரில். அதனால்தான் 1970 முதல் பூர்வகுடி மக்கள் இந்த நாளில் அங்கே துக்கம் அனுசரிக்கிறார்கள். பாறைக்கு மேலே உள்ள மேட்டில், மசசோயிட் சிலை பக்கத்தில். குளிரில் பாட்டிமார்கூட கம்பளி போர்த்தி நின்றார்கள்.

மீனா: போட்டோ எடுத்தீர்களா அத்தை?

கலா அத்தை: துக்கத்துக்கு வந்தவர்களை எடுக்க மனசு வரவில்லை. அங்கே பதித்திருக்கும் பலகையை மட்டும் எடுத்தேன். அனுப்புகிறேன், பெரியப்பாவுக்குப் பெரிதாக்கிப் படித்துக் காட்டு.